மதுரையில் தகராறு, ஊட்டியில் தொடக்கம், இன்று 70 நாடுகள்: யார் இந்த 'மேரி ஆஃப் தி பேஷன்'?

சென்னை கதீட்ரல் சாலையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி, தி.நகரில் ஹோலி ஏஞ்சல்ஸ் பள்ளி, ஊட்டியில் நாசரேத் கான்வென்ட். இந்த மூன்றுக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. மூன்றையும் தொடங்கியது எஃப்.எம்.எம். என்று சுருக்கமாக அழைக்கப்படும் கன்னியாஸ்திரிகள் சபை. முழுப் பெயர், மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்பு சகோதரிகள் சபை.

பெயரைக் கேட்டால் ஐரோப்பாவில் இருந்து கப்பலேறி வந்த சபை என்றுதான் தோன்றும். அங்கேதான் ட்விஸ்ட். இது பிறந்ததே நம்ம ஊட்டியில். அதுவும் நல்ல நாள் பார்த்து, விளக்கேற்றித் தொடங்கிய சபை இல்லை. மதுரை மறைப்பணித் தளத்தில் நடந்த ஒரு பெரிய தகராறில், தாய்ச் சபையை விட்டு வெளியேறிய சுமார் 20 பெண்கள் போய் ஒதுங்கிய இடம் அது. அவர்களுக்குத் தலைவியாக இருந்தவர், அப்போது 37 வயதான ஒரு பிரெஞ்சுக்காரர்.

யார் இவர்?

இயற்பெயர் எலென் தெ ஷப்போத்தென். 1839 மே 21-ல் பிரான்ஸின் நாந்த் நகரில், வசதியான பிரபு குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே துறவறம்தான் தன் வழி என்று முடிவு செய்துவிட்டார். ஆனால், அம்மா திடீரென இறந்துபோனதால் அது தள்ளிப்போனது. 1860 டிசம்பரில் எளிய கிளாரா சபையில் சேர்ந்தார். புனித பிரான்சிஸ் அசிசியின் வழியில், ஏழ்மையையே விரதமாக ஏற்றவர்கள் அவர்கள். சில வாரங்களிலேயே உடம்பு படுத்தி எடுக்க, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

அடுத்து 1864-ல் 'மரி ரெபராட்ரிஸ்' என்ற புதிய சபையில் சேர்ந்தார். எமிலி தௌத்ரமோன் என்ற பெல்ஜியப் பெண் 1857-ல் தொடங்கிய சபை அது. அந்த எமிலியும் சாதாரண ஆள் இல்லை. நான்கு பிள்ளைகளைப் பெற்று, கணவரை இழந்த பிறகு சபை தொடங்கியவர். பின்னால் இவர் கதைக்குள் திரும்ப வருவார், பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் எலெனுக்கு 'மேரி ஆஃப் தி பேஷன்' என்ற துறவறப் பெயர் கிடைத்தது. இந்த 'பேஷன்' நாம் ரெஸ்யூமில் எழுதும் பேஷன் இல்லை. இயேசு பட்ட பாடுகளைக் குறிக்கும் சொல். தமிழில் 'பாடுகளின் மரியா' என்று சொல்லலாம்.

அடுத்த ஆண்டே, 1865-ல், பயிற்சிக் காலம்கூட முடியாத நிலையில் மதுரைக்கு அனுப்பப்பட்டார். சூயஸ் கால்வாய் திறக்கவே இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. 1866 மே 3-ல் இங்கேதான் வார்த்தைப்பாடு கொடுத்தார். 1867 ஜூலையில், 28 வயதில், இங்கிருந்த மூன்று மடங்களுக்கும் மாநிலத் தலைவி. இன்றைய கணக்கில் சொன்னால், டிரெய்னியாக வந்தவர் இரண்டே ஆண்டுகளில் ரீஜனல் ஹெட்.

குடவாசலில் நின்று பார்த்தால்...

தகராறு என்ன என்று புரிய, அன்றைய தமிழகக் கத்தோலிக்கத் திருச்சபையின் வரைபடம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம்.

1870 வாக்கில் குடவாசலில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். கிழக்கே நாகப்பட்டினம். அங்கே சேசு சபைக் குருக்கள் 1844-ல் தொடங்கிய கல்லூரி. திருச்சியில் இன்று இருக்கும் செயின்ட் ஜோசப் கல்லூரிதான் அது, 1883-ல்தான் நாகையில் இருந்து அங்கே போனது. வடமேற்கே கும்பகோணம். அது புதுச்சேரியின் கீழ், பாரிஸ் மறைபரப்பு சபையின் பொறுப்பில். கும்பகோணம் தனி மறைமாவட்டம் ஆனது 1899-ல்தான். தஞ்சாவூர், வேளாங்கண்ணி பக்கம் போனால் போர்ச்சுகல் அரசரின் புரவல் உரிமையில் வரும் மயிலாப்பூர் மறைமாவட்டம். வேளாங்கண்ணியே 1952 வரை மயிலாப்பூரோடுதான் இருந்தது.

ஆக, ஒரே காவிரித் தண்ணீர் பாயும் ஊர்களில் மூன்று நிர்வாகம். யாருடைய எல்லை எது, யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பது வெறும் ஃபைல் விவகாரம் இல்லை. மடம் எங்கே கட்டலாம், பள்ளி யார் நடத்தலாம் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்தது.

மதுரை விகாரியத்து சேசு சபையின் கையில். ஆயர் அலெக்சிஸ் கனோஸ். ரெபராட்ரிஸ் சகோதரிகள் இங்கே வந்ததன் முக்கிய வேலை, உள்ளூர்ப் பெண்களைக் கொண்ட தனி கன்னியர் சபை ஒன்றை உருவாக்கிப் பயிற்சி கொடுப்பது. இதில் 'தனி' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பயிற்சி கொடுக்கும் ஐரோப்பியப் பெண்களுக்கு ஒரு சபை, பயிற்சி பெறும் தமிழ்ப் பெண்களுக்கு வேறு சபை. அந்தக் காலத்தில் அது யாருக்கும் உறுத்தவில்லை. இன்று படித்தால் உறுத்தத்தான் செய்கிறது.

அதற்காக நம்மூர்ப் பெண்கள் பயிற்சி கிடைக்கும் வரை காத்திருந்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். இளம் விதவையான அன்னம்மாள் திருச்சியில் விதவைகளைச் சேர்த்துப் புனித அன்னாள் சபையைத் தொடங்கியது 1858-ல். எலென் கப்பல் ஏறுவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே.

தாது வருஷம்

மதுரை மறைப்பணிக்குள் ஏற்கெனவே உரசல்கள் இருந்தன. எலென் தலைமைக்கு வந்த பிறகு கொஞ்ச காலம் அமைதி. 1874-ல் ஊட்டியில் புதிய மடம் ஒன்றும் திறந்தார்கள். இந்த மடம் மதுரையின் எல்லைக்குள் வராது. கோவை விகாரியத்து, பாரிஸ் மறைபரப்பு சபையின் பொறுப்பு. அப்போது அது சாதாரண விஷயமாகத் தெரிந்திருக்கலாம். இரண்டு ஆண்டுகளில் அந்த எல்லைக்கோடுதான் எல்லாவற்றையும் மாற்றியது.

1876-ல் பழைய சண்டை முற்றி வெடித்தது. பெண்கள் சபையை அதன் தலைமை வழிநடத்துவதா, உள்ளூர் மறைப்பணி நிர்வாகம் சொல்வதைக் கேட்பதா என்ற கேள்வி இப்படிப்பட்ட எல்லா மடங்களுக்கும் பொதுவானது. ஆனால், இங்கே எது எவ்வளவு பங்கு வகித்தது என்பதை வாட்டிகனின் அதிகாரபூர்வ வாழ்க்கைக் குறிப்பு ரொம்ப நாசூக்காகக் கடந்துபோகிறது. 'முன்பே இருந்த பூசல்கள் தீவிரமாயின' என்ற அளவோடு சரி. விளைவு மட்டும் தெளிவு. எலென் உட்பட சுமார் 20 பேர் ரெபராட்ரிஸ் சபையை விட்டு வெளியேறி, ஊட்டி மடத்தில் ஒன்று சேர்ந்தார்கள். கோவை ஆயர் ஜோசப் பர்து அவர்களை ஏற்றுக்கொண்டார்.

அந்த ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். தாட்டி வதைத்த 'தாது வருஷப் பஞ்சம்' தொடங்கியது அப்போதுதான். மழை பொய்த்து, மதுரை, சேலம், கோவை என்று உள்மாவட்டங்கள் கருகின. காவிரிப் பாசனம் இருந்ததால் தஞ்சைத் தரணி ஓரளவு தப்பியது. பிழைப்புத் தேடிய ஜனங்கள் டெல்டா பக்கம் நடந்து வந்தார்கள். அந்த நேரத்தில்தான் இந்தப் பெண்கள் மலை ஏறினார்கள். மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊட்டிக்கு மலை ரயில் வர இன்னும் 32 ஆண்டுகள் இருந்தன.

துறவறத்தில் கீழ்ப்படிதல் ஒரு வார்த்தைப்பாடு. சபையை விட்டுக் கூட்டமாக வெளியேறுவது என்றால், இன்று வேலையை ரிசைன் செய்வது போல இல்லை. திருச்சபையின் பார்வையில் இவர்கள் யார், கன்னியாஸ்திரிகள்தானா இல்லையா என்ற கேள்வியே வந்துவிடும். அப்படி ஒரு நிலையில்தான் அந்த 20 பேரும் ஊட்டிக் குளிரில் காத்திருந்தார்கள்.

ரோம் என்ன சொன்னது?

1876 நவம்பரில் எலென் நேரில் ரோமுக்கே போனார். 1877 ஜனவரி 6-ல் போப் ஒன்பதாம் பத்திநாதர் அனுமதி கொடுத்தார். பழைய சபைக்குத் திரும்பச் சொல்லவில்லை. மறைப்பணிக்கென்றே புதிய சபை தொடங்கச் சொன்னார். முதலில் வைத்த பெயர் 'மரியாவின் மறைபரப்பு சகோதரிகள்'. ஆள் சேர்க்கவும் பயிற்சிக்கும் பிரான்ஸின் சேன் பிரியேவில் நவதுறவகம் திறக்கப்பட்டது.

பெயரில் 'பிரான்சிஸ்கன்' எப்படி வந்தது? 1882 அக்டோபர் 4, புனித பிரான்சிஸ் திருநாளில், ரோமின் ஆராச்செலி ஆலயத்தில் எலென் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் சேர்ந்தார். 21 வயதில் உடம்பு முடியாமல் விட்டுவந்த பிரான்சிஸ் வழிக்கு 43 வயதில் திரும்பி வந்தார். 1885-ல் சபையே அதிகாரபூர்வமாக பிரான்சிஸ்கன் குடும்பத்தில் இணைந்தது.

நடுவில் இன்னொரு அடி. 1883 மார்ச்சில், தான் தொடங்கிய சபையின் தலைமைப் பொறுப்பில் இருந்தே நீக்கப்பட்டார். போப் பதிமூன்றாம் சிங்கராயர் விசாரணைக்கு உத்தரவிட்டார். விசாரணையில் அவர்மீது குற்றம் இல்லை என்று முடிவானது. 1884 ஜூலையில் சகோதரிகள் மறுபடியும் அவரையே தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். சபையின் சட்டதிட்டங்களுக்கு ரோம் இறுதி ஒப்புதல் கொடுத்தது 1896 மே மாதம். ஊட்டியில் ஒதுங்கிய நாளில் இருந்து கணக்குப் போட்டால் 20 ஆண்டுகள்.

அப்படி என்ன செய்தார்கள்?

யாரும் போகத் தயங்கும் இடங்களுக்குப் போனார்கள் என்பதுதான் சுருக்கமான பதில். தொழுநோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். பெண்களுக்கு மருந்தகம், பள்ளி நடத்தினார்கள். தையல், எம்பிராய்டரி கற்றுக்கொடுத்து, கைக்கு நாலு காசு வர வழிசெய்யும் பயிற்சிக்கூடங்களை நடத்தினார்கள். பெண்கள் சொந்தக் காலில் நிற்பது பற்றி எலெனுக்கு அந்தக் காலத்திலேயே தெளிவான பார்வை இருந்தது.

இதற்குக் கொடுத்த விலையும் பெரிசு. 1900 ஜூலை 9-ல் சீனாவின் தையுவான் நகரில், பாக்ஸர் கிளர்ச்சியின்போது இந்தச் சபையின் ஏழு சகோதரிகள் கொல்லப்பட்டார்கள். அனுப்பியவர் எலென். அதன் பிறகும் அவர் சீனாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தவில்லை. இதைத் துணிச்சல் என்பதா, பிடிவாதம் என்பதா என்பது படிப்பவரைப் பொறுத்தது. 2000 அக்டோபர் 1-ல் அந்த ஏழு பேரும் புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள்.

1904 நவம்பர் 15-ல் இத்தாலியின் சான் ரெமோவில் எலென் இறந்தபோது சபையில் 2,000-க்கும் அதிகமான சகோதரிகள், நான்கு கண்டங்களில் 86 இல்லங்கள்.

தமிழ்நாட்டில் என்ன மிச்சம்?

பலருக்கு உடனே நினைவுக்கு வருவது ஸ்டெல்லா மாரிஸ்தான். 1947 ஆகஸ்ட் 15, நாடு விடுதலையான அதே நாளில், சாந்தோமில் 32 மாணவிகளோடு தொடங்கியது. கதீட்ரல் சாலைக்கு வந்தது பின்னால்தான். திருவாரூர், குடவாசல் பக்கம் இருந்து சென்னைக்குப் போய் அங்கே படித்து, இன்று ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கும் பெண்களுக்கு, கல்லூரிச் சுவரில் பார்த்த மதரின் படத்துக்குப் பின்னால் இவ்வளவு கதை இருப்பது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. ஐரோப்பியருக்கு ஒன்று, தமிழருக்கு வேறொன்று என்று சபைகள் பிரிந்து கிடந்த நாள் போய், இந்தியாவில் இன்று எஃப்.எம்.எம். இல்லங்களை நடத்துபவர்கள் இந்தியப் பெண்களே. சபை 70-க்கும் அதிகமான நாடுகளில் இருக்கிறது. ஆனால், 1876-ல் எலெனோடு மலை ஏறிய அந்த 20 பேர் வாட்டிகன் குறிப்பில் இன்னமும் வெறும் எண்ணிக்கைதான். பெயர் ஒருவருக்கு மட்டும்.

சரி, அந்தத் தகராறில் யார் பக்கம் நியாயம்? திருச்சபை இதற்குச் சொன்ன பதில் கொஞ்சம் வேடிக்கையானது. எலென் விட்டு வெளியேறிய சபையின் நிறுவனர் எமிலிக்கு 1997 அக்டோபர் 12-ல் 'அருளாளர்' பட்டம் கிடைத்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2002 அக்டோபர் 20-ல், மறைபரப்பு ஞாயிறன்று எலெனுக்கும் அதே பட்டம். இரண்டையும் கொடுத்தவர் ஒரே போப், இரண்டாம் ஜான் பால்.

புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி இது. எலெனின் விஷயத்தில் ஏற்கப்பட்ட புதுமை, முதுகெலும்பிலும் நுரையீரலிலும் காசநோய் இருந்த ஒரு கன்னியாஸ்திரி குணமானது. அவரது உடல் ரோமில், சபையின் தலைமை இல்லத்துச் சிற்றாலயத்தில் இருக்கிறது. ஊட்டியில் நாசரேத் கான்வென்ட் இன்றும் இயங்குகிறது.