பொங்கி வரும் ஆற்றுக்கு ஓர் உருளி

குறுகலான செம்பில் பால் காய்ச்சும்போது ஒரு நிமிஷம் கண் அசந்தால் போதும், பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிடும். அதே பாலை அகல உருளியில் காய்ச்சினால் நுரை பக்கவாட்டில் பரவும். விளிம்பைத் தொட நேரம் பிடிக்கும். வெள்ளம் வந்து போகிற ஆற்றோர நிலத்தில் ஊர்மக்களுக்குப் பூங்கா அமைக்க வேண்டுமென்றால், முதல் வேலை செம்பை இறக்கிவிட்டு உருளியை ஏற்றுவதுதான். சிங்கப்பூரின் பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் இதைத்தான் செய்தார்கள். எப்படி என்று உள்ளே போய்ப் பார்ப்போம்.

முதலில் அந்தச் செம்பு. காலாங், சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு. லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கி, சுமார் 10 கிலோமீட்டர் ஓடி மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. மழைநீர் சட்டென வடிய வேண்டும் என்பதற்காக பீஷான் பகுதியில் அதை நேர்கோட்டுக் கான்கிரீட் கால்வாயாக மாற்றியிருந்தார்கள். பக்கத்திலேயே 1988-இல் திறந்த பூங்கா. ஆறு ஒரு பக்கம், மக்கள் மறுபக்கம். நகரம் வளர வளர, மண்ணில் இறங்க வேண்டிய மழையும் சிமெண்ட் தரையில் வழுக்கிக்கொண்டு கால்வாய்க்கே வந்தது. ஆகவே கால்வாயையும் பெரிதாக்க வேண்டும், பழைய பூங்காவையும் புதுப்பிக்க வேண்டும் என்ற நிலை வந்தது. பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் இரண்டையும் ஒரே வேலையாகச் சேர்த்தன. என் பார்வையில் இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய முடிவு இதுதான். தண்ணீரைப் பார்க்கும் துறையும் செடியைப் பார்க்கும் துறையும் தனித்தனியே வேலை செய்திருந்தால், உயரமான புதுச் சுவர் ஒன்று எழும்பியிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது உருளி. 2.7 கிலோமீட்டர் நேர்க் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக்கினார்கள். வளைவில் தண்ணீரின் வேகம் தணியும். கால்வாயின் அகலம் 17 முதல் 24 மீட்டர்தான். இப்போது வெள்ளம் வந்தால் ஆறு கிட்டத்தட்ட 100 மீட்டர் வரை அகலலாம். தண்ணீரைக் கடத்தும் திறனும் சுமார் 40 சதவீதம் கூடியது. வெயில் நாளில் நடுவில் ஓடை மட்டும் ஓடும். இருபுறமும் மெல்லிய சரிவாகப் புல்வெளி. பிள்ளைகள் கரைவரை இறங்கித் தண்ணீரைத் தொடலாம். மழை வலுத்தால் அந்தப் புல்வெளியே ஆறாகிவிடும். மூழ்குவதற்கென்றே அமைத்த சரிவு அது. அதனால் கட்டடம், விளையாட்டுத் திடல் போன்றவற்றைத் தண்ணீர் ஏறாத மேட்டில் வைத்துவிட வேண்டும். வெள்ளம் எதுவரை வரும் என்று முதலில் கணக்குப் போட்டு, பிறகே மனிதர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும். வரிசை மாறினால் ஒவ்வொரு மழைக்கும் மராமத்துதான்.

சரி, கான்கிரீட்டை எடுத்துவிட்டால் கரை கரையாதா? கரையும். அதைத் தடுக்கத்தான் உயிருள்ள கரை. பச்சைக் குச்சிகளை விறகுக்கட்டு மாதிரி இறுகக் கட்டி, கரையோரம் நீளவாக்கில் பதிக்கிறார்கள். சில நாளில் குச்சி துளிர்த்து வேர் விடும். அந்த வேர் மண்ணைப் பின்னிப் பிடித்துக்கொள்ளும். வேறு இடங்களில் கல் அடுக்கி, இடுக்கில் நாற்றுக் குச்சிகளைச் செருகுகிறார்கள். இன்னும் சில இடங்களில் மண்ணைத் துணியில் பொதிந்து, அதன் மேல் செடி நடுகிறார்கள். கான்கிரீட் காலம் போகப் போக விரிசல் விடும்; இந்தக் கரை காலம் போகப் போக இறுகும். ஐரோப்பாவில் பழக்கமான இந்த முறைகள் வெப்பமண்டல மழைக்குத் தாங்குமா என்று தெரியாததால், 2009-இல் 60 மீட்டர் வடிகால் ஒன்றில் பத்து முறைகளைச் சோதித்து, தேறியவற்றை மட்டும் ஆற்றுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பொறுமையை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

எவ்வளவு அகல உருளியானாலும் அடுப்பருகே ஆள் நிற்க வேண்டும். இங்கே அந்த வேலையை உணர்கருவிகள் பார்க்கின்றன. நீர்மட்டம் ஏறுவதை அவை அறிந்ததும் எச்சரிக்கை விளக்கு எரியும், ஒலி எழும்பும், மேலே வாருங்கள் என்ற அறிவிப்பு வரும். கரையோரம் சிவப்பு அடையாளங்களும் உயிர்காப்பு மிதவைகளும் உண்டு. சரிவு மிதமானது என்பதால் தண்ணீர் ஓரத்திலிருந்து உள்நோக்கி அடித்து வராது; நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத்தான் ஏறும். நிற்பவர் அப்படியே திரும்பி மேட்டை நோக்கி நடந்தால் போதும்.

இன்னொரு மூலையில் நீர்ச்செடிகள் நட்ட படுகைகள் படிப்படியாக இறங்குகின்றன. பூங்காவில் உள்ள குளத்தின் தண்ணீர் அவற்றினூடே மெல்ல வடியும்போது வண்டல் தங்கும். மிகுந்த சத்தை வேர்கள் உறிஞ்சிக்கொள்ளும். ரசாயனம் எதுவும் சேர்ப்பதில்லை. உடைத்த கால்வாயின் கான்கிரீட் பாளங்களையும் வெளியே கொட்டவில்லை. அவற்றைக் குவித்து ஒரு குன்றாக்கிவிட்டார்கள். அதன் மேல் ஏறினால் வெள்ளப் படுகை முழுவதும் தெரியும்.

62 ஹெக்டேர் பூங்கா 2012-இல் புது உருவில் திறந்தது. எந்த விலங்கையும் கொண்டுவந்து விடவில்லை. ஆனாலும் முதல் இரண்டு ஆண்டுகளில் உயிரினப் பன்மை 30 சதவீதம் உயர்ந்தது. பிறகு நீர்நாய்க் குடும்பம் ஒன்று தானாக வந்து குடியேறி, குட்டிகளும் போட்டது. தங்கள் வளர்ப்பு நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு தள்ளி நின்று பார்ப்பது இப்போது அங்கே நடைபயில வருபவர்களின் பொறுப்பு.