தோல்வியுறும் அணியில் இளம் வீரர்களுக்கு ஆட்ட வாய்ப்பு

தொடர்ந்து தோற்று, அடுத்த சுற்றுக்குச் செல்லும் வாய்ப்பை இழந்த அணி எஞ்சிய ஆட்டங்களில் இளம் வீரர்களைக் களமிறக்குவது குழு விளையாட்டுகளில் காணப்படும் ஒரு வழக்கம் ஆகும். அமெரிக்க பேஸ்பாலில் இது நெடுங்காலமாக உள்ளது. கிரிக்கெட்டில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் 2020, 2025 ஐபிஎல் தொடர்கள் இதற்கு எடுத்துக்காட்டுகள்.

காரணம்

வெற்றி தேவைப்படும் ஆட்டத்தில் அனுபவமற்ற வீரரைச் சேர்ப்பது ஆபத்தானது. தொடர் கைவிட்டுப் போன பிறகு அந்த ஆபத்து குறைகிறது. வலைப்பயிற்சியில் தெரியாத ஒன்றை, அதாவது கூட்டத்தின் முன், தேர்ந்த பந்துவீச்சுக்கு எதிராக ஒருவர் எப்படி ஆடுகிறார் என்பதை, அணி நேரில் அறிந்துகொள்கிறது. அடுத்த ஆண்டுக்கு யாரைத் தக்கவைப்பது என்ற முடிவுக்கும் இது உதவுகிறது.

2020: ருதுராஜ் கெய்க்வாட்

ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த 2020 தொடரில் சென்னை அணி 7ஆம் இடம் பெற்று, முதன்முறையாகப் பிளேஆஃப் சுற்றைத் தவறவிட்டது. மூத்த வீரர்களையே நம்பியிருந்ததாக அணி விமர்சிக்கப்பட்டது. ருதுராஜ் தம் முதல் 3 ஆட்டங்களில் 0, 5, 0 ஓட்டங்களே எடுத்தார். எனினும் கடைசி 3 ஆட்டங்களிலும் அவர் சேர்க்கப்பட்டார். அவற்றில் ஆட்டமிழக்காமல் 65, பின்னர் 72, மீண்டும் ஆட்டமிழக்காமல் 62 எடுத்தார். மூன்றிலும் அணி வென்றது. 2021இல் 635 ஓட்டங்களுடன் தொடரின் அதிக ஓட்டங்களுக்கான ஆரஞ்சுத் தொப்பியை வென்றார். சென்னை கோப்பையைக் கைப்பற்றியது. 2024இல் அவரே அணித்தலைவரானார்.

2025: கடைசி இடம்

2025இல் ருதுராஜ் முழங்கைக் காயத்தால் விலக, அணி முதன்முறையாகப் புள்ளிப்பட்டியலின் கடைசி இடத்தில் முடித்தது. தொடரின் நடுவே மாற்று வீரர்களாக வந்த ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் பிரெவிஸ், உர்வில் படேல் ஆகியோருக்கு வாய்ப்பளிக்கப்பட்டது. 17 வயது மாத்ரே பெங்களூருக்கு எதிராக 48 பந்துகளில் 94 ஓட்டங்கள் குவித்தார். கடைசி ஆட்டத்தில் சென்னை குஜராத்தை 83 ஓட்டங்களில் வீழ்த்தியது. மூவரும் 2026 தொடருக்குத் தக்கவைக்கப்பட்டனர்.

பேஸ்பாலுடன் ஒப்பீடு

அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்கில் ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. செப்டம்பரில் கூடுதல் வீரர்களைச் சேர்க்க விதி இடமளிக்கிறது. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி 2011 முதல் 2013 வரை ஒவ்வோர் ஆண்டும் 100க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் தோற்றது. அக்காலத்தில் அறிமுகமான ஹோசே அல்டூவே, 2017இல் அது உலகத் தொடரை வென்றபோது அணியின் முன்னணி வீரராக இருந்தார். 162 ஆட்டங்களில் 3 தோல்விகள் எளிதில் மறைந்துவிடும். 14 லீக் ஆட்டங்களே கொண்ட ஐபிஎல்லில் அவை ஓர் இளைஞரின் வாய்ப்பையே முடித்துவிடக்கூடும்.

வரம்புகள்

ஓரிரு ஆட்டங்களை வைத்துத் திறமையை அளவிட இயலாது. முதல் 3 ஆட்டங்களோடு நிறுத்தப்பட்டிருந்தால் ருதுராஜ் தோல்வியுற்றவராகவே கருதப்பட்டிருப்பார். நெருக்கடியற்ற ஆட்டத்தில் எடுத்த ஓட்டங்கள் இறுதிப்போட்டியின் அழுத்தத்துக்கு உத்தரவாதமும் அல்ல. தொடர்ச்சியாகச் சில ஆட்டங்கள் தரப்பட்டால்தான் இந்த வழக்கம் வீரருக்கும் அணிக்கும் பயன் தருகிறது.