6,000 ஆண்டா, 10,000 ஆண்டா? பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்தார் என்று ஞாயிறு வகுப்பில் கேட்ட பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் படிவம் 1 வரலாற்றுப் பாடத்தில் வரலாற்றுக்கு முந்தைய காலத்தைப் படிக்கிறது. பேராக் மனிதனின் எலும்புக்கூட்டுக்கு வயது 10,000 ஆண்டுக்கு மேல் என்கிறார்கள். "எது உண்மை?" என்று பிள்ளை கேட்டால், லாபு, ரந்தாவ், பகாவ் தோட்டத்து வீடுகளில் பெற்றோர் என்ன பதில் சொல்வது?

உலகம் தோன்றி ஏறக்குறைய 6,000 ஆண்டுகளே ஆகின்றன என்பது படைப்புவாதிகளில் ஒரு சாராரின் நம்பிக்கை. 17-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர், பைபிளில் வரும் தலைமுறைகளைக் கணக்கிட்டு, படைப்பு கி.மு. 4004-இல் நடந்தது என்றார். புதைபடிவங்கள் நோவா காலத்துப் பெருவெள்ளத்தில் மாண்ட உயிர்கள் என்பது இவர்களின் விளக்கம்.

எல்லாக் கிறிஸ்தவர்களும் இப்படி நம்புவதில்லை. மனித உடலின் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை, ஆன்மாவைப் படைப்பவர் கடவுளே என்று 1950-இல் போப்பாண்டவர் 12-ஆம் பயஸ் எழுதினார்.

இந்துக்களிடமும் இத்தகைய விளக்கம் உண்டு. தென்னார்க்காட்டிலிருந்து கப்பலேறி இங்கு வந்தவர்கள் பலர். அந்தப் பக்கத்துத் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. அவை வக்கிராசுரனின் எலும்புகள் என்று ஊர்மக்கள் சொல்வதுண்டு. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்து வந்து புதைத்த மரங்கள் அவை. மரம் இருந்த இடத்தில் சிலிக்கா படிந்து கல்லானது என்கிறார்கள் புவியியலாளர்கள்.

வயதை எப்படி அறிகிறார்கள்? உயிருள்ள எதிலும் கதிரியக்கக் கரிமம் சிறிதளவு இருக்கும். உயிர் போனபின் அது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மிச்சத்தை அளந்தால் காலம் தெரியும். இது சுமார் 50,000 ஆண்டுவரைதான் உதவும். அதைவிடப் பழைய பாறைகளுக்கு வேறு முறைகள் உள்ளன.

பேராக் மனிதன் லெங்கோங்கில் ஒரு குகையில் கிடைத்தவர். 2012-இல் லெங்கோங் பள்ளத்தாக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமானது. அவருக்கு இடக்கையில் பிறவிக் குறை. ஆனாலும் கைகால் மடக்கிக் கிடத்தி, இறைச்சியும் கற்கருவிகளும் உடன் வைத்து அடக்கம் செய்திருக்கிறார்கள். செத்தவருக்குச் செய்யவேண்டியதைச் செய்த மனிதர்கள் 10,000 ஆண்டுக்கு முன்பே இங்கு இருந்தார்கள்.

எலும்பின் வயதை ஆய்வுக்கூடம் சொல்லும். உயிரைக் கொடுத்தது யார் என்பதைக் கோயிலிலும் தேவாலயத்திலும் கேட்டுக்கொள்ளலாம். பரீட்சைத் தாளில் பாடத்தில் உள்ளதையே எழுதச் சொல்லுங்கள். கேள்வி கேட்ட பிள்ளையை மட்டும் அதட்டி உட்கார வைக்காதீர்கள்.