தோரணம் குப்பையன்று

பண்டிகை கழிந்த மறுநாட் காலையில் ஒரு வீதியின் நிலையைக் கொண்டே அவ்வூராரின் பொறுப்புணர்ச்சியை அளந்துவிடலாம். நேற்று வாசலில் மங்களமாய் விளங்கிய மாவிலைத் தோரணமும், வாழை மரமும், தென்னங்குருத்தும், சாமந்தி மாலையும் இன்று சாக்கடையிற் கிடக்கின்றன. அன்றேல் தெருமுனையிற் புகைகின்றன. இச்சிறு விஷயத்திற்கும் தேச நலத்திற்கும் யாது சம்பந்தம் என்று வினவும் அன்பர்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

ஜவ்வாது மலையை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிற் பரந்துள்ள இம்மலையில் மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் விளைவித்து வாழ்கின்றனர். சரிவான நிலம், மழை வலுத்தால் மேல்மண் கரைந்தோடும். மக்கிய இலையே அம்மண்ணைப் பிடித்து நிறுத்தி ஈரத்தைக் காப்பது. செய்யாறு இம்மலையில் உற்பத்தியாகிக் கீழ்நாட்டு வயல்களுக்கு நீரளித்துத் திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. ஆகவே, மலையோடையில் எறியும் மாலை மலையோடு நின்றுவிடுவதில்லை. தேங்கிய நீரில் அழுகும் இலையும் பூவும் அந்நீரின் பிராணவாயுவைக் கவர்ந்து மீனினத்தை வாட்டும். அவற்றைக் கட்டிய பிளாஸ்டிக் நாரோ அழியாமல் ஏரி மதகுகளை அடைக்கும்.

எரித்துவிட்டால் தொல்லை தீர்ந்ததென்பர் சிலர். எரியும் இலையின் தழைச்சத்து புகையாய்ப் போகிறது. எஞ்சிய சாம்பற் சத்தையும் சரிவில் அடுத்த மழை வாரிச் செல்கிறது. பொங்கலுக்குப் பின் காடு உலரத் தொடங்கும். அக்காலத்தில் வனத்தின் ஓரத்தில் வைக்கும் சிறு தீ எவ்வளவு தூரம் பரவுமென்று யாரால் கூற முடியும்? போகியன்று பழையன கழிப்பது நம் வழக்கமே. நாம் அதனைக் குறை கூறவில்லை. ஆயின், மண் தந்த இலையைப் புகையாக்குவது கழிப்பதாகாது, இழப்பதேயாகும். மத்திய சர்க்கார் 2016-ஆம் ஆண்டில் வகுத்த திடக்கழிவு விதிகளும் பொது இடத்திற் குப்பை எரிப்பதைத் தடை செய்தன. சட்டம் புத்தகத்திலிருந்தது, புகை வீதியிலிருந்தது.

வழி புதியதன்று. ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கில விஞ்ஞானி இந்தூரில் ஆராய்ந்து, தழையையும் சாணத்தையும் அடுக்கி மூன்று மாதத்தில் எருவாக்கும் முறையை 1931-ல் நூலாக வெளியிட்டார். தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பா, இயற்கையிடம் எடுத்ததைத் திருப்பியளிக்கும் பொருளாதாரமே நிலைக்குமென்று போதித்தார். கிறிஸ்துமஸ் முடிந்ததும் நியூயார்க் நகரப் பூங்கா இலாகாவினர் அலங்கார மரங்களைச் சேகரித்துத் துண்டாக்கி, மரங்களின் அடியில் மூடாக்காக இடுகின்றனர். செல்வம் மிகுந்த அந்நகரம் வீணென்று எறியாததை நாம் எறிவது முறையோ?

செய்ய வேண்டியது சுலபம். முதலில் நூல், கம்பி, ஜிகினா ஆகியவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். கரும்புத் தோகையையும் வாழையையும் மாட்டிற்கு இடலாம். மருந்து தெளித்த கடைப் பூவை அதற்கு இடலாகாது. எஞ்சிய வாழைத்தண்டையும் மாவிலையையும் நறுக்கி, நீரோட்டமில்லாத நிழலிற் குழி வெட்டி, ஓரடுக்குத் தழையும் ஓரடுக்குச் சாணமுமாக இட்டு, ஈரம் காத்து, இடையிடையே புரட்டிவிட வேண்டும். எளிதில் மக்காத தென்னை மட்டையைச் சரிவின் குறுக்கே கிடத்தினால் ஓடும் மண்ணை அது தடுத்து நிறுத்தும்.

மலைவாசிகளுக்கு உபதேசம் செய்வது நமது நோக்கமன்று. உழவனுக்கு எருவின் அருமையை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. ஜமுனாமரத்தூரில் நடக்கும் கோடை விழாவிற்கும் அருவிக் காட்சிக்கும் கீழிருந்து செல்லும் நம்மவர்க்கே இது பொருந்தும். பந்தல் போடுவோர் அதைப் பிரிக்கும் நாளின் பொறுப்பையும் ஏற்க வேண்டும். விழாச் செலவுத் திட்டத்தில் எருக்குழிக்கும் ஓரிடம் ஒதுக்கப்படுதல் அவசியம். ஊர்தோறும் வாலிபர் சங்கத்தார் காணும் பொங்கலன்று வீடுவீடாய்ச் சென்று தோரணங்களைச் சேகரித்தால், ஆடிப்பட்டத்திற்கு எரு ஆயத்தமாயிருக்கும்.

தாய்நாட்டை வணங்குகிறோமென்று மேடையில் முழங்குவது எளிது. அத்தாயின் மண்ணிலிருந்து பறித்த இலையை அம்மண்ணுக்கே திருப்பித் தருவதற்கு மேடை வேண்டாம். ஒரு மண்வெட்டி போதும். இப்பொங்கலிலேயே தொடங்குவோமாக.