ஆயுளுக்கு ஓர் எழுத்து

சீனப் பீங்கான் கிண்ணத்திலும் பட்டுத் துணியிலும் கோலம் போல வட்டமாக ஒரு குறி இருப்பதை வணிக அன்பர்கள் பலர் கவனித்திருப்பீர்கள். அது வெறும் பூவேலை அன்று. ‘ஷோ’ என்னும் எழுத்து. நீண்ட ஆயுள் என்பது அதன் பொருள்.

சௌ மன்னர்கள் காலத்து (கி.மு. 1046–256) வெண்கலப் பாத்திரங்களிலேயே ஆயுள் வேண்டி இவ்வெழுத்தைப் பொறித்தார்கள். பழைய வடிவில் 14 கோடுகள். சீன அரசு 1950-களில் எழுத்துகளை எளிமையாக்கத் தொடங்கியபின் 7 கோடுகளாகச் சுருங்கியது. ஆனாலும் மங்கலப் பொருள்களில் பெரும்பாலும் பழைய வடிவம்தான். இதையே 100 விதமாக எழுதிச் சுவரில் மாட்டும் படமும் உண்டு.

எழுத்தைச் சுற்றி 5 வௌவால்கள் வரைவார்கள். சீன மொழியில் வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் ஒரே ஒலி. (வௌவால் படம் போட்ட டப்பா நம் ஊரில் விலைபோகுமா என்பது வேறு விஷயம்!) ஆயுளுக்குரிய தேவனாக அவர்கள் வணங்குவது தென்வானத்து விண்மீன் ஒன்றை. நாம் அகத்திய நட்சத்திரம் என்கிறோமே, அதேதான்.

மளிகைக்காரர்களுக்குத் தெரிய வேண்டியது: பிறந்தநாளில் உண்ணும் ‘நீள் ஆயுள் நூடுல்ஸ்’ நீளமாகவே இருக்க வேண்டும். உடைந்தால் சகுனம் சரியில்லை என்பார்கள்.

ஆனால் ‘ஷோ துணி’ என்று யாராவது கேட்டால் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிவிட வேண்டாம். அது இறந்தவருக்கு உடுத்தும் ஆடை. சவப்பெட்டிக்கும் ‘ஷோ’ சேர்த்தே பெயர். முதியவர்கள் இரண்டையும் முன்கூட்டியே வாங்கி வைப்பார்கள். அதனால் ஆயுள் கூடும் என்பது நம்பிக்கை.