டீசல் எங்கே போகிறது?

அப்பா ஓட்டும் பழைய லாரி லிட்டருக்கு நாலு கிலோமீட்டரிலிருந்து மூன்றுக்கு இறங்கியது. "டீசலை விக்கிறியா?" என்று கேட்டுவிட்டார் ஓனர்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பம்ப் டீசலைப் பீச்சும் நேரம்தான் டைமிங். பிந்தினால் புகை, சூடு, இழுவைக் குறைவு. முந்தினால் நாக்கிங் சத்தம்.

முதலில் ஏர் ஃபில்டர், டயர் காற்று, பிரேக் பிடிப்பு, டீசல் கசிவு பாருங்கள். பிறகு முதல் சிலிண்டரை கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் வைத்து, ஃபிளைவீல் குறியை நேராக்கி, பம்ப் குறி சேருகிறதா என்று பாருங்கள்.

வகுப்பில் படித்தபடியே பார்த்தேன். சேரவில்லை! கப்ளிங் போல்ட் தளர்ந்து டைமிங் பிந்தியிருந்தது. மெக்கானிக் அண்ணன் சரிசெய்ததும் மைலேஜ் திரும்பியது.

"உன் படிப்பு என் பேரைக் காப்பாத்திருச்சுடா" என்றார் பள்ளிக்கூடம் போகாத அப்பா.

ஆளைச் சந்தேகிக்கும் முன் வண்டியைப் பாருங்கள்!