கழுவப் போய் வந்த வினை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், டென்வர் நகரம், 1958. ஆன்டிபயாடிக் சிகிச்சைக்குப் பிறகு வந்த கடும் குடல் அழற்சியால் நான்கு நோயாளிகள் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். பென் ஐஸ்மன் என்ற அறுவை மருத்துவர், ஆரோக்கியமானவர்களின் மலத்தைக் கரைத்து அவர்களுக்கு எனிமாவாக ஏற்றினார். நால்வரும் தேறினார்கள்.

20 ஆண்டுகள் கழித்து, அதே மாநிலத்தின் மேற்குப் பகுதியில் ஒரு சிகிச்சை நிலையம் கருவி வைத்துக் குடலைக் கழுவிவிட்டது. 1978 ஜூன் முதல் 1980 டிசம்பர் வரை, அங்கே போனவர்களில் 36 பேருக்காவது அமீபா தொற்று. 10 பேருக்குப் பெருங்குடலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அவர்களில் 6 பேர் இறந்தார்கள். வழக்கம்போல் சுத்தம் செய்த பின்னும் அந்தக் கருவியில் மலக் கிருமிகள் மண்டிக் கிடந்தன.

மலத்தை ஏற்றிக்கொண்டவர்கள் பிழைக்க, கழுவிக்கொண்டவர்கள் சாவதா?

பெருங்குடலைச் சாக்கடைக் குழாய் என்று நினைத்தால் இது புரியாது. தினமும் அதற்குள் வரும் சுமார் ஒன்றரை லிட்டர் நீரில் பெரும்பகுதியை அது உறிஞ்சிக்கொள்கிறது. மலத்தோடு போவது 100 முதல் 200 மில்லிதான். அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் நார்ச்சத்தை நொதிக்க வைத்து, குடல் சுவரின் செல்களுக்கே உணவு தருகின்றன. ஆன்டிபயாடிக் அழித்த அந்தக் கூட்டத்தைத்தான் ஐஸ்மன் மறுபடி குடியேற்றினார்.

மலம் தங்கினால் ரத்தத்தில் விஷம் ஏறும் என்ற பழைய நம்பிக்கையை 1919லேயே மருத்துவர் வால்டர் அல்வாரெஸ் மறுத்தார். மலம் கழித்த உடனே தலைவலியும் அசதியும் விலகுகின்றன. ரத்தத்தில் கலந்த விஷம் அவ்வளவு சீக்கிரம் போகுமா என்பது அவர் கேள்வி.

ஆனால் எனிமாவாக ஏற்றுவதில் குடல் சுவர் எப்போதும் நல்லது கெட்டது பார்ப்பதில்லை. வெறும் தண்ணீரை அதிகம் ஏற்றினால் ரத்தத்தில் சோடியம் சரியும். பாஸ்பேட் எனிமா சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் உயிராபத்தாகலாம். சோப்புத் தண்ணீர் சுவரைப் புண்ணாக்கும். காபி எனிமாவும் உயிர்களைப் பறித்திருக்கிறது.

பெருங்குடல் புண்ணுக்கு எனிமாவாகத் தரும் மருந்தும் அதே சுவரில்தான் வேலை செய்கிறது. இறுகிப்போன மலத்தை இளக்கவும் எனிமா உதவும். குடலின் ஒரு பகுதி இன்னொன்றுக்குள் செருகிக்கொண்ட கைக்குழந்தைக்கு, அளவான அழுத்தத்தில் காற்றையே எனிமாவாகச் செலுத்துகிறார்கள். செருகிய பகுதி மெல்லப் பின்வாங்கி, காற்று சட்டென்று சிறுகுடலுக்குள் பாய்வது எக்ஸ்ரே திரையில் தெரியும். பல குழந்தைகள் கத்தி படாமலே தப்பிவிடுகின்றன.

எனவே புதிதாக வந்த மலச்சிக்கல், மலத்தில் ரத்தம், விடாத வயிற்றுவலி என்றால் எனிமா குவளையைத் தேடாமல் மருத்துவரைப் பாருங்கள். எதை, எவ்வளவு, யாருக்கு என்று அவர் முடிவு செய்யட்டும். நோயில்லாத குடலுக்குக் கீரையும் பயறும் தண்ணீரும் போதும்.